யூதர் மணமும் தாய்மைக் காப்பும்

ஒரு சமூகம் பெண்ணை எவ்வாறு பேணிற்று என்பதை அறிய, அதன் மண முறைகளையும் கருவுற்ற பெண்ணைப் பற்றிய அதன் விதிகளையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். யூதர் மரபில் இவ்விரண்டும் எவ்வாறு அமைந்துள்ளன எனக் காண்போம்.

யூதர் திருமணம் 'ஹுப்பா' என்னும் விதானத்தின் கீழ் நடைபெறுகிறது. நான்கு கோல்கள் தாங்கும் அத்துணி விதானம், மணமக்கள் அமைக்கவிருக்கும் இல்லத்திற்கு அடையாளமாகும். இரு சாட்சிகளின் முன்னிலையில் மணமகன், கல் பதிக்காத மோதிரத்தை மணமகளுக்கு அணிவிக்கிறான். ஏழு வாழ்த்துரைகள் ஓதப்படுகின்றன. இறுதியில் மணமகன் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மிதித்து உடைக்கிறான். கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்த துயரை மகிழ்ச்சி நாளிலும் மறத்தல் ஆகாது என்பது இதன் பொருள் என்பர்.

இவற்றுள் பெண்ணுக்குப் பெருந்துணையாக நின்றது 'கெத்துபா' என்னும் மண ஆவணமே. அரமேய மொழியில் எழுதப்படும் இது, கணவன் இறந்தாலும் மணவிலக்கு அளித்தாலும் மனைவிக்குச் சேர வேண்டிய தொகையைக் குறிக்கிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் சட்டநூல், கன்னிக்கு 200 'சூஸ்' வெள்ளிக்காசும், கைம்பெண்ணுக்கு 100 காசும் விதித்தது. இதன் மதிப்பு யாது? 200 காசு உடையவர், ஏழைகளுக்கென வயலில் விடப்படும் கதிர்களைப் பொறுக்குதல் கூடாது என்று அந்நூலே கூறுகிறது. ஆகவே, அத்தொகையைப் பெற்றவள் பிறர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியதில்லை.

கருவுற்ற பெண்ணைச் சூழ்ந்து நம்பிக்கைகள் பல எழுந்தன. சிசுக்களைக் கவரும் 'லிலித்' என்னும் பேயை விலக்க, மூன்று தேவதூதரின் பெயர் எழுதிய காப்புகளை முற்காலத்தார் பேறுகால அறையில் தொங்கவிட்டனர். கூடாரத் திருவிழாவில் பயன்படும் 'எத்ரோக்' என்னும் நாரத்தை இனக் கனியின் நுனியைக் கடித்தால் பேறு எளிதாகும் என்று கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள் நம்பினர். குழந்தை பிறக்குமுன் தொட்டிலும் துணியும் வாங்காத வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. பேறுகாலம் உயிருக்கே ஊறு விளைத்த நாள்களில், அச்சம் இத்தகைய நம்பிக்கைகளை வளர்த்தது இயல்பே.

சட்டமோ அச்சத்தோடு நின்றுவிடவில்லை. 'யோம் கிப்பூர்' யூதரின் மிகக் கடுமையான நோன்பு நாள். அன்று நீரும் பருகலாகாது. எனினும், மசக்கையுற்ற பெண் உணவின் மணத்தால் தளர்ந்தால், அவள் தெளியும்வரை உணவளிக்க வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. முதலில் இன்று நோன்பு நாள் என்று அவள் செவியில் மெல்லக் கூறுவர். அமைதி பெறாவிடில் உணவின் சாற்றைச் சிறிது வாயில் இடுவர். அதுவும் போதாவிடில் உணவையே ஊட்டுவர். பேற்றின்போது தாயின் உயிருக்கு ஆபத்து நேரின், குழந்தையின் பெரும்பகுதி வெளிப்படும்வரை, தாயின் உயிரைக் காப்பதே முதற்கடன் என்றும் அந்நூல் தெளிவாக உரைக்கிறது.

நம்பிக்கைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. உயிர் காக்கும் கடமை நோன்பினும் பெரிது என்னும் நெறியோ யூதர் சென்ற நாடெல்லாம் உடன் சென்றது. நோற்கும் நாளிலும் தாய்க்குச் சோறூட்டச் சொன்ன சட்டத்தை அறமென்று போற்றுதல் தகும்.