கேமரன் மலையில் 95, எவரெஸ்டில் 71

கேமரன் மலை சுங்கை பாலாஸ் தோட்டத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் அது 100 டிகிரிக்குப் போகாது. ஏறக்குறைய 95-இலேயே தளதளவென்று கொதித்துவிடும். தோட்டத்தின் வழியாக ஏறும் ஒடுக்கமான சாலையைப் பிடித்து, 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் உச்சிக்குப் போனால் 93. இந்த வித்தியாசத்தைத் தோட்டத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை, தேநீரும் அப்படியொன்றும் கெட்டுப்போவதில்லை. எவரெஸ்ட் உச்சியில் கதை வேறு. அங்கே 71 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். நம் ஊர்த் தூளைப் போட்டால் சாயம் இறங்கும், சாரம் இறங்காது.

தென் துருவத்தில் தண்ணீர் கொதிப்பது 89-இல். தட்டையான பனிவெளி, சிகரம் என்று எதுவும் கிடையாது, பிறகு எப்படி? அந்தப் பனியே ஒரு மலைதான். துருவப்புள்ளி கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி வெறும் பனிக்கட்டி. 1911 டிசம்பர் 14 அன்று அங்கே போய்ச் சேர்ந்த அமுண்ட்சென் குழு வழியில் உயரத்தைக் கணக்கிட்டதும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான். ஹிப்சோமீட்டர் என்ற சின்னக் கருவி அதற்காகவே அவர்களிடம் இருந்தது.

தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கவிடுவது மெல்லிய காற்று. அதற்கு உயரம் மட்டுமே காரணமல்ல. குளிர்ந்த காற்று சுருங்கித் தரையோடு படியும். வெயில் காயும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்று பூரிபோல மேலே உப்பி நிற்கும். ஒரே உயரத்தில் நின்றாலும் நம் பக்கத்தில் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று அதிகம், துருவத்தில் குறைவு. மலையேறிகளும் துருவப் பயணிகளும் படும் பாட்டை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெப்பமானியில் யாருக்கு எத்தனை டிகிரி என்று பட்டியல் போடுவது பாதிக் கதைகூட ஆகாது.

எவரெஸ்ட் இருப்பது வடக்கே 28 டிகிரி அட்சரேகையில், வெப்பமண்டலத்துக்குப் பக்கத்தில். 1981 அக்டோபரில் கிறிஸ் பிஸ்ஸோ என்ற அமெரிக்க மருத்துவர் உச்சியில் நின்று காற்றழுத்தத்தை அளந்தார். 253 மில்லிமீட்டர் பாதரசம். விமானத்துறையின் பொது அட்டவணை சொன்னதோ 236. பதினேழு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அந்த உயரத்தில் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன், கடல்மட்டத்தில் எடுப்பதில் நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இதே சிகரம் அலாஸ்கா பக்கம் இருந்திருந்தால் 1978 மே 8 அன்று மலையேறிகள் மெஸ்னரும் ஹாபெலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறியிருக்க முடியாது என்பது உடலியலாளர்களின் கணக்கு. குளிர்காலத்தில் இதே எவரெஸ்டில் அழுத்தம் இன்னும் இறங்கிவிடும்.

அந்த உச்சியில் முதலில் நின்ற மலேசியர்கள் இருவருமே தமிழர்கள்: எம்.மகேந்திரன், என்.மோகனதாஸ். 1997 மே 23. நம் நாட்டில் அதிகாரப்பூர்வமாகப் பதிவான கடுங்குளிரே கேமரன் மலையின் 7.8 டிகிரிதான். பனியே விழாத ஊரிலிருந்து போனவர்கள் என்று வியக்கலாம். குளிருக்கு உடுப்பு இருக்கிறது என்பேன். மெல்லிய காற்றுக்கு அப்படி உடுப்பு எதுவும் இல்லை. சிலிண்டர் இருந்தாலும் உடல் வாரக்கணக்கில் பழகத்தான் வேண்டும்.

அந்தப் பழக்கம் எதுவரை போகும் என்பதை 2007-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவக் குழு பார்த்தது. உச்சியிலேயே ரத்தம் எடுப்பதாகத் திட்டம். காற்றும் குளிரும் விடவில்லை. 8,400 மீட்டருக்கு இறங்கி, உடுப்பைத் தளர்த்தித் தொடைத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்த மாதிரிகளை ஒரு ஷெர்பா எடுத்துக்கொண்டு 6,400 மீட்டர் முகாமிலிருந்த ஆய்வகத்துக்கு ஓட்டமும் நடையுமாக இறங்கினார். நமக்கு 90 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய ரத்த ஆக்சிஜன் அழுத்தம், ரத்தம் கொடுத்த நால்வருக்கும் சராசரியாக 24.6 இருந்தது. ஒருவருக்கு 19.1. அவசரப் பிரிவில் இந்த எண்ணோடு ஒருவர் வந்தால் டாக்டருக்குக் கை நடுங்கும். இவர்களோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

துருவத்தில் மூச்சு இப்படித் திணறாது. அங்கே உடம்பே கரைகிறது. ஃபைன்ஸ், ஸ்ட்ரவுட் என்ற இரு துருவப் பயணிகள் 1992-93இல் ஆளுக்கு 200 கிலோவுக்கு மேல் கனமான சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு மூன்று மாதம் அண்டார்டிகாவில் நடந்தார்கள். வெண்ணெயும் கொழுப்புமாகத் தினம் 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டார்கள். பீடபூமி ஏறிய நாட்களில் செலவு 10,000-ஐத் தாண்டியது. இருவரும் 20 கிலோவுக்கு மேல் இளைத்துத் திரும்பினார்கள். எவரெஸ்டிலும் இளைப்பார்கள், ஆனால் காரணம் வேறு. 1985-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் கதகதப்பான அழுத்த அறையில், காற்றை மட்டும் மெதுவாகக் குறைத்து, நல்ல சாப்பாடும் போட்டு 40 நாள் வைத்திருந்தவர்களும் சராசரியாக 7 கிலோ இழந்தார்கள். பசியே மங்கிவிட்டது.

எது கடினம் என்று கேட்டால், ஒரு தனி நாளுக்கு எவரெஸ்ட், மாதக்கணக்குக்குத் துருவம் என்பேன். பயிற்சிக்கும் இது பொருந்தும். துருவம் போகிறவர்கள் இடுப்பில் டயர் கட்டி இழுத்துப் பழகுவார்கள். அதைத் தோட்டச் சாலையிலும் செய்யலாம், கடற்கரையிலும் செய்யலாம். உயரத்துக்குப் பழக கேமரன் மலை போதாது. உடல் தன்னை மாற்றிக்கொள்ள ஆரம்பிப்பதே பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். அதற்கு நாம் சபாவுக்குப் போக வேண்டும். கினபாலு ஏறுகிறவர்கள் இரவு தங்கும் லாபான் ராத்தா விடுதி 3,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவப்புள்ளியைவிட 400 மீட்டருக்கு மேல் உயரம். இருந்தும் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் காற்று ஏறக்குறைய தென் துருவத்தில் கிடைக்கும் அளவுதான்.