மலைநகரில் ஒரு சிறு கடல்

கண்டி மாநகர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே அமைந்தது. இங்கு வாழும் நம் பிள்ளைகள் மகாவலியையும் வாவியையும் நன்கறிவர். பவளப்பாறையிடை வாழும் உயிர்களைக் கண்டவர் சிலரே. அவற்றைக் காட்டும் பொருட்டு வீட்டிலோ பாடசாலை விஞ்ஞானகூடத்திலோ கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்புவோர் முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். கடலோரத்தார் நீர் கெட்டால் புதுநீர் முகந்து வருவர். நாமோ, இலீற்றருக்கு 35 கிராம் வீதம், 200 இலீற்றருக்கு 7 கிலோகிராம் கடலுப்புக் கலவையை விலைக்கு வாங்கிக் கரைத்தல் வேண்டும். சமையலுப்பு இதற்கு உதவாது; கடல்நீரில் மகனீசியம், கல்சியம் முதலியனவும் உள. ஆதலின் உள்ள நீரைக் கெடாமற் காப்பதே நமது முதற்கடமை. அதற்குத் துணையாவது தொட்டியின் கீழே வைக்கப்படும் மற்றொரு தொட்டியாகும். இதனைச் ‘சம்ப்’ என்பர். நாம் அடித்தொட்டி எனலாம்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா எனும் நஞ்சு பிறக்கின்றது. நுண்ணிய பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பற்றி வாழ இடமும் ஒட்சிசனும் வேண்டும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் செறிந்த கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையுங் கொண்டே தொட்டியைப் பேணும் முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். அவரோ கடலோர நகரத்தவர். நம் நாட்டிற் பவளத்தை உடைத்தெடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1998 இல் கடல் வெப்பமேறியமையால் வெளிறி மடிந்த பாறைகளுக்கு மேலும் இடர் செய்தல் அறமுமன்று. எனவே, கற்கள் செய்யும் வேலையை அடித்தொட்டியிலிட்ட மெருகிடாத மட்பாண்ட ஓடுகளைக்கொண்டு செய்விக்கலாம்.

குளத்து நீர் மட்டம் மிஞ்சியதும் வான் பாய்வதை நாம் அறிவோம். அடித்தொட்டிக்கு நீர் இறங்குவதும் அவ்வாறே. மேற்றொட்டியின் பின்கண்ணாடியில், மேல்விளிம்புக்கு 4 செ.மீ. கீழே நீர்மட்டம் நிற்குமாறு துளையிட்டு, இறப்பர் வளையத்துடன் வடிகுழாய் பொருத்துக. பதப்படுத்திய கடுங்கண்ணாடி துளையிட்டால் நொறுங்கிவிடும். ஆதலின் சாதாரணக் கண்ணாடியே ஏற்றது. மீன் புகாதவாறு துளைவாயிற் சல்லடையிடுக. வடிகுழாய் 32 மி.மீ. ஆயின், நீரை மேலேற்றும் குழாய் 20 மி.மீ. போதும், இறங்கும் வழி ஏறும் வழியிலும் அகன்றதாக இருத்தல் வேண்டும்.

அடித்தொட்டியை இரு தடுப்புக் கண்ணாடிகளால் மூன்று அறைகளாக்குக. முதலறையிற் பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். நடுவறையில் ஓடுகள் இருக்கும். கடையறையில் நீர்ப்பம்பி அமையும். மீன்தொட்டிக்குரிய சிலிக்கோன் பசையால் ஒட்டிச் சில நாள் உலரவிடுக.

இனி அளவைக் கவனிப்போம். மேற்றொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையதெனக் கொள்க. மின்சாரம் நின்றால் பம்பி நிற்கும். ஆனால் நீர் நில்லாது. மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் இறப்பர்க் குழாயிட்டு உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானே இறங்குமன்றோ? அவ்வாறே மேலேற்றும் குழாய் வழியாக நீர் திரும்பிப் பாயும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே இருப்பின், 90 × 45 × 4, அதாவது 16.2 இலீற்றர் நீர் இறங்கும். அடித்தொட்டி 60 × 30 × 40 செ.மீ. ஆயின் 72 இலீற்றர் கொள்ளும். அதில் 20 செ.மீ. உயரத்துக்கே நீர் ஓடவிட்டால், 36 இலீற்றருக்கு இடம் ஒழிந்திருக்கும். இறங்கும் நீர் அடங்கும். விளிம்புவரை நிரப்பியவர் வீட்டிலோ உப்புநீர் தரையிற் பாயும்.

வடிகுழாய் அடைபட்டால் இடர் மறுபுறம் நேரும். கடையறை 20 செ.மீ. நீளமாயின் அதிலுள்ள நீர் 12 இலீற்றரே. பம்பி அதனை முழுதும் மேலேற்றினும் மேற்றொட்டி 3 செ.மீ. அளவே உயரும், நாம் விட்ட 4 செ.மீ. வெளி அதனைத் தாங்கும்.

நீர் ஆவியாகுங்கால் உப்பு எஞ்சி நிற்கும். ஆகவே குறைவைக் குளோரீன் நீங்கிய நன்னீராலேயே நிரப்புக. குறைவு கடையறையிலேயே தெரியுமாதலால் அங்கே ஒரு கோடிட்டு வைத்தல் நன்று.

2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணிநேர மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய வேளையில் நீர் அடங்கினும் ஒட்சிசன் குறையும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இருத்தல் வேண்டும்.

ஆகவே அடித்தொட்டியின் தகுதி, அது ஓடும்போது அன்று, நிற்கும்போதே விளங்கும். உயிர்களை விடுமுன் நன்னீர் நிரப்பி ஓடவிட்டு, மின்னை நிறுத்திப் பார்க்க. பின்னர் வடிகுழாயை அடைத்தும் பார்க்க. இருமுறையும் தரை நனையாதிருப்பின், உப்பைக் கரைத்துப் பற்றீரியாக்கள் பெருகச் சில வாரம் பொறுத்து, பண்ணையிற் பிறந்த கோமாளி மீன் இரண்டை விடலாம். கல்லூரிக்குத் தொட்டி வழங்க எண்ணும் பழைய மாணவர், மீனை இறுதியாகவும் அடித்தொட்டியை முதலாகவும் வழங்குவாராக.