வைத்தியசாலையை நோயாளியாக மட்டுமே அறிந்த சிறுவர்கள்

ஆரம்பப் பிரிவு வகுப்பொன்றில் 'எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?' என்று கேட்டால், 'டொக்டர்' என்ற பதில் தவறாமல் கிடைக்கும். தோட்டப் பாடசாலையாயினும், மீள்குடியேறிய கிராமத்துப் பாடசாலையாயினும், கரையோர முஸ்லிம் கிராமமொன்றின் பாடசாலையாயினும் இப்பதிலில் மாற்றமில்லை. ஆனால், அதே பிள்ளைகளில் பலர் க.பொ.த. சாதாரண தரத்தை எட்டும்போது அந்த ஆசை எங்கோ தொலைந்து விடுகின்றது. அது ஏன் தொலைகின்றது என்பதை நாம் சிந்திப்பது அரிது.

வசதியுள்ள நகர்ப்புறப் பிள்ளைக்கு வழிகாட்ட வைத்தியத் துறையில் உறவினர் ஒருவரேனும் இருப்பார். வறிய பிள்ளையோ வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையில் தாயின் கையைப் பற்றி நின்றே வைத்தியசாலையை அறிகின்றது. அதன் கண்ணில் படுபவர்கள் வைத்தியரும் தாதியும் மாத்திரமே. மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப் பிடிப்பாளர், இயன் மருத்துவர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எனப் பலரது உழைப்பால் ஒரு வைத்தியசாலை இயங்குவதை அதற்கு எவரும் கூறுவதில்லை. எனவே, வைத்தியராக முடியாதென்று தோன்றியதும் அத்துறையையே கைவிட்டு விடுகின்றது.

இத்தொழில்களுள் பெரும்பாலானவற்றுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் கற்றிருத்தல் அவசியம். அதற்குரிய கணித, விஞ்ஞான அத்திவாரமோ ஆரம்ப வகுப்புகளிலேயே இடப்படுகின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேயே ஆகும். அதுவரை அவை பெரும்பாலும் ஆரம்பக் கல்வியுடன் நின்றன. விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை அங்கு இன்றும் தீரவில்லை. இந்நிலையில், 11ஆம் தரத்தில் நடத்தப்படும் தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு காலங்கடந்த உபதேசமே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உத்தியோகத்தர்கள் மருத்துவப் பரிசோதனைக்கெனப் பாடசாலைகளுக்கு ஏற்கனவே வருகின்றனர். அன்றைய தினம் மேலும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். தோழனின் இதயத்துடிப்பை ஒரு பிள்ளை தன் காதால் கேட்கட்டும், உடல்வெப்பமானியை வாசிக்கட்டும், பாடசாலை வளவில் நுளம்பு பெருகும் இடங்களைப் பரிசோதகருடன் சென்று தேடட்டும்.

மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையைப் பின்னால் சாய்க்காது, சற்று முன்னோக்கிக் குனிந்து மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும்; தீக்காயத்தில் பற்பசை பூசாது 20 நிமிடங்கள் ஓடும் நீரில் பிடிக்க வேண்டும்; பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்; அவசரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும். இவற்றைப் பத்து வயதுப் பிள்ளையும் கற்கலாம். பெற்றோர் வேலைக்குச் சென்ற வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இவ்வறிவு நாளைய தொழிலுக்கு மட்டுமன்றி இன்றைய உயிருக்கும் உதவும்.

இதில் எமது சமூகங்களின் நலனும் தங்கியுள்ளது. தன் வேதனையைத் தாய்மொழியில் கூற முடியாது தடுமாறும் நோயாளியை நாம் அறிவோம். பெண் உத்தியோகத்தரிடம் மாத்திரமே மனந்திறக்கும் தாய்மாரையும் அறிவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்ததுடன் மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்கினார். மக்களின் மொழி அறிந்தவரே மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். 2022 பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர் இத்தேவை மேலும் கூடியுள்ளது.

எனினும், இம்முயற்சி புலமைப்பரிசில் பரீட்சைச் சுமையுடன் இன்னொரு சுமையாகி விடலாகாது. புள்ளியும் போட்டியும் இதற்கு வேண்டாம். தாதியர் சேவை பெண்களுக்கே உரியது, ஆய்வுகூடம் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணமும் பிள்ளைகள் மனதில் பதியலாகாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பழைய மாணவர்களும், கோவில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தத்தமது ஊரில் பிறந்து சுகாதாரத் துறையில் பணிபுரிவோரை வருடத்தில் ஒரு நாளாவது வகுப்பறைக்கு அழைத்துவர வேண்டும். தன்னைப் போன்றே அதே தெருவில் நடந்து, அதே வாங்கில் அமர்ந்து படித்த ஒருவரைக் காணும் பிள்ளைக்கு, 'என்னாலும் முடியும்' என்பதை வேறெவரும் கூறத் தேவையில்லை.