எசுப்பானியச் சிட்டுக்குருவியைக் களத்தில் அடையாளம் காணல்

எசுப்பானியச் சிட்டுக்குருவி நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் பேரினமான பாசர் என்பதைச் சேர்ந்தது. இதனை 1820-ஆம் ஆண்டு டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் விவரித்தார். நடுநிலக்கடல் பகுதி முதல் நடு ஆசியா வரை இது இனப்பெருக்கம் செய்கிறது. நடு ஆசியப் பறவைகள் குளிர்காலத்தில் பாக்கித்தானுக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் வலசை வந்து வயல்களில் கூட்டமாக மேய்கின்றன. பிரித்தானியாவிலோ இது எப்போதாவது வழிதவறி வரும் அரிய பறவை. அங்கு வீட்டுச் சிட்டுக்குருவிகளுக்கு நடுவே ஒற்றைப் பறவையைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் தவறு நேர்வது எளிது.

ஆண் பறவையில் முதலில் உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சிட்டுக்குருவிக்கு அது சாம்பல் நிறம். இதற்கு முழுவதும் செம்பழுப்பு. கன்னம் தூய வெண்மை. தொண்டைக் கருமை மார்பில் அகன்று பரவி, விலாப்புறங்களில் தடித்த கருங்கோடுகளாக இறங்கும். முதுகிலும் கருங்கோடுகள் அடர்ந்திருக்கும். மரச் சிட்டுக்குருவிக்கும் செம்பழுப்புத் தலை உண்டு. ஆனால் அதன் வெண்கன்னத்தில் கரும்பொட்டு இருக்கும்.

இவ்வளவு தெளிவான பறவை குளிர்காலத்தில் ஏமாற்றிவிடும். இலையுதிர் காலத்தில் இறகுதிர்த்தபின் முளைக்கும் புதிய இறகுகளின் வெளிர் நுனிகள் கருமையையும் செம்பழுப்பையும் மூடி மறைக்கின்றன. அந்நுனிகள் தேய்ந்த பின்னரே, இளவேனிலில், முழுநிறம் வெளிப்படும். மீண்டும் இறகு மாற்றம் நிகழ்வதில்லை. கருமையாக உள்ள அலகும் குளிர்காலத்தில் வெளிறிவிடும்.

பெண் பறவையோ வீட்டுச் சிட்டுக்குருவிப் பெண்ணை ஏறக்குறைய முழுவதும் ஒத்தது. மார்பில் மங்கலான கோடுகள், சற்றுப் பருத்த அலகு என்பவை உதவலாம். தனித்து நிற்கும் பெண்ணை அவற்றை மட்டும் கொண்டு உறுதிப்படுத்துவது சரியன்று. பிரித்தானியப் பதிவுகளில் பெரும்பாலானவை ஆண்களே. பெண்கள் அங்கு வருவதில்லை என்று இதற்குப் பொருளன்று.

வலசை வருவதையும் சான்றாகக் கொள்ளக் கூடாது. பாக்டிரியானசு எனும் வீட்டுச் சிட்டுக்குருவித் துணையினமும் நடு ஆசியாவிலிருந்து வடமேற்கு இந்தியாவுக்கு வருகிறது.

இவ்விரு இனங்களும் கலப்பது மற்றொரு சிக்கல். இவற்றின் கலப்பில் உருவான இத்தாலியச் சிட்டுக்குருவிக்கும் செம்பழுப்புத் தலை, வெண்கன்னம் உண்டு; விலாக்கோடுகள் பொதுவாக இருப்பதில்லை. அண்மைக் கலப்பினங்களில் இரு பெற்றோரின் அடையாளங்களும் எப்படி வேண்டுமானாலும் கலந்து வரும். பிரித்தானியாவில் அரிய பறவைப் பதிவுகளை 1959-இல் அமைக்கப்பட்ட குழுவொன்று ஆராய்ந்தே ஏற்கிறது. தலை மட்டும் தெரியும் ஒளிப்படத்தைக் கொண்டு கலப்பினம் அல்ல என்று சொல்லிவிட முடியாது. விலாவும் முதுகும் தெரிய வேண்டும்.