குருசடையின் மணல் தின்னி

பாம்பனை ஒட்டி மன்னார் வளைகுடாவில் கிடக்கும் குருசடைத் தீவில் கரைக்கு மேலே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மணல், புதர், கொஞ்சம் அலையாத்தி. விஷயமெல்லாம் முழங்கால் ஆழத் தண்ணீரில்தான். சென்னை அருங்காட்சியகம் 1927இல் இந்தச் சின்னத் தீவின் கரையோர உயிர்களுக்கென்றே தனி வெளியீடு கொண்டுவந்தது.

நீர் வற்றும் வேளையில் முறுக்குப் பிழிந்து வைத்தாற்போல ஈர மணல் ஆங்காங்கே சுருண்டு கிடக்கும். அடியில் புழு இருக்கிறது என்று அர்த்தம். பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த பெலனோகிளாசஸின் நெருங்கிய உறவான டைகோடெரா இது. (பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை.) மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் மட்கிய உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வளைக்கு வெளியே தள்ளுவதே இதன் பிழைப்பு. கையில் எடுத்தால் அறுந்துபோகும். விரலில் அயோடோஃபார்ம் நெடி ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிராணியைத் தேடி விலங்கியலார் வந்ததற்குக் காரணம், அதன் தொண்டையோரம் வரிசையாக இருக்கும் செவுள் துளைகள். மீனின் செவுளுக்கு இணையான அமைப்பு அது; கருவில் நமக்கும் அதன் சாயல் வந்து மறைகிறது. முதுகெலும்பில்லாத புழு ஒன்று நம்மோடு உறவு கொண்டாடுகிறது!

குருசடையையும் சேர்த்து 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்துபோனது. வெட்டுவது நின்றபின், குருசடைப் பவளத்துக்கு வேறு ரூபத்தில் வினை வந்தது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனனுக்காக மண்டபம் பக்கம் வளர்க்கப்பட்ட காப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, 2008 வாக்கில் இங்கே பவளத்தின் மேல் படர்ந்திருந்தது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் பவளத்தின் முக்கிய உணவு. மேலே போர்வை விழுந்தால் அடுப்பு அணைந்த மாதிரிதான்.

பாசி வளர்ப்பை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கரையோரப் பெண்கள் பலருக்குக் கையில் காசு பார்க்க வழி அது. தீவுகளைவிட்டு எட்ட வளர்ப்பதே நடக்கக்கூடிய யோசனை. ஏற்கெனவே படர்ந்ததைக் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். விரலளவு துண்டு தங்கிவிட்டாலும் அதிலிருந்து மறுபடி தழைத்துவிடும் என்பதால், ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.