மூழ்கிய பேரேடும் மீண்ட கணக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதி வியாபாரிகள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி நெல்லை சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. எங்கள் கடையிலும் இடுப்பளவு தண்ணீர். பருப்பு மூட்டைகள் போனது ஒருபுறம். கணக்குக் கம்ப்யூட்டரும் மேஜையோடு மூழ்கியது. தினசரி நகல் எடுத்த பென் டிரைவ்? அதே மேஜை இழுப்பறையில்தான் இருந்தது!

காப்பாற்றியவர் எங்கள் கணக்குப்பிள்ளை. சனிக்கிழமைதோறும் இன்னொரு நகலைப் பாளையங்கோட்டையில் உள்ள தம் வீட்டுக்குக் கொண்டுபோவார். நாங்கள் கேலி செய்ததுண்டு. 16ஆம் தேதி மட்டும் மறந்துவிட்டார். ஆகவே 9ஆம் தேதி வரையிலான கணக்கு வேறு கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. மீதி ஒரு வாரத்துக்குத்தான் பாடு. கடை கடையாகப் போய், "அண்ணாச்சி, நம்ம பாக்கி எவ்வளவு?" என்று நாங்களே கேட்கும்படி ஆயிற்று. பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றி எழுத வேண்டாம்.

இன்டர்நெட்டில் வைத்தால் கவலையில்லை என்கிறார்கள் நம் பிள்ளைகள். அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர்தானே! 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் மொத்தத்தையும் இழந்தார்கள்.

இப்போது எங்களிடம் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று கடையில், ஒன்று பாளையங்கோட்டையில், வாராவாரம் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கிறோம். போன தடவை ஒன்று திறக்கவே இல்லை. அன்றே புதிது வாங்கினோம்.