இலவசக் குடையும் இலவச டிக்கெட்டும்

தூத்துக்குடியில் வ.உ.சி.யைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எப்படியும் குடையில் வந்து நிற்கும். 1906-ல் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று அறிவித்துச் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார் அவர். அதுவரை அந்தத் தடத்தில் கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, ஆளுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரக் கம்பெனி கடைசியில் 'சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம்' என்று இறங்கி வந்தது.

குடை வாங்கியவருக்கு அன்றைக்கு லாபம்தான். மழைக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு. கொடுத்த கம்பெனியும் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிந்தேதான் கொடுத்தது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதற்கப்புறம் யாரைக் கவிழ்க்கக் குடை கொடுக்க வேண்டும்?

இந்தக் கதை எனக்குச் சென்னை விமான நிலையத்தில் ஞாபகம் வந்தது. காபி வாங்கித் திரும்பினால் ஒரு மேசை, விமானப் படம் போட்ட ஒரு பதாகை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு இளைஞர். "எந்த ஊர் சார்? தூத்துக்குடியா? அப்ப உங்களுக்குத்தான் சார் இந்த கிரெடிட் கார்டு. சேர்ந்த உடனே ஒரு டிக்கெட் ஃப்ரீ. செலவு பண்ணப் பண்ண இன்னொண்ணு. மேடத்தையும் கூட்டிட்டுப் போகலாம்." விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். விமானம் ஏறிய பிறகுதான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். 'அடிப்படைக் கட்டணம் மட்டும்' என்று ஓரிடத்தில் இருந்தது.

அண்ணாச்சி போட்ட கணக்கு

ஊருக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். விமானத்தில் இரண்டு தடவைதான் ஏறியிருக்கிறார். ஆனால் சலுகை என்றால் என்ன என்று தெரிந்தவர். சோப்புக்கு டப்பா இலவசம் என்று வரும் சரக்கை நாற்பது வருஷமாக விற்கிறார்.

"தம்பி, இந்த டிக்கெட் எவ்வளவு பெறும்னு அவங்க சொல்லுதது கெடக்கட்டும். இந்தக் கார்டே இல்லன்னா இந்தப் பயணத்துக்கு நீங்க கைக்காசு எவ்வளவு போட்டிருப்பீங்க? அதைச் சொல்லுங்க."

விண்ணப்பத்தின் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். இங்கே வரும் தொகைகள் கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. டிக்கெட் விலை நாளுக்கு ஒன்றாக இருக்கும்.

சேரும் கட்டணம் 5,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 900. ஆக, முதல் பில்லிலேயே 5,900 ரூபாய். சென்னை டிக்கெட் 4,500 என்று வைத்துக்கொண்டால், அதில் அடிப்படைக் கட்டணம் 3,600, மீதி 900 வரியும் விமான நிலையக் கட்டணங்களும். இலவச டிக்கெட் என்பது அந்த 3,600-ஐ மட்டும் தள்ளுபடி செய்கிறது. 900 ரூபாயை நாம்தான் கட்ட வேண்டும். 5,900 கொடுத்து 3,600 வாங்குகிறோம். முதல் வருஷம் 2,300 ரூபாய் நஷ்டம்.

அடுத்தது, செலவு செய்தால் வரும் டிக்கெட். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் செலவழித்தால் இன்னொரு டிக்கெட் என்பது நிபந்தனை. மாதத்துக்கு ஏறக்குறைய 21,000. மீனும் காய்கறியும் பாலும் இந்தக் கணக்கில் எங்கே வரும்? வீட்டு வாடகை, பெட்ரோல், இன்சூரன்ஸ், தங்கம் போன்றவற்றைப் பல வங்கிகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சரி, எப்படியோ எட்டிவிட்டோம். கிடைப்பது 3,600. அதே இரண்டரை லட்சத்தை, விமானப் படம் போடாத, ஒரு சதவீதம் திருப்பித் தரும் சாதாரண அட்டையில் தேய்த்திருந்தால் 2,500 ரூபாய் கணக்கில் விழுந்திருக்கும். ஆக, உண்மையான லாபம் 1,100.

"இதுல ஐம்பதாயிரம் ரூவாய்க்கு எங்கள மாதிரி கடையில வாங்குவீங்க. கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூடப் போட்டுத்தான் வாங்குவாங்க. ஆயிரம் ரூவா அதுல போச்சு."

மிச்சம் நூறு ரூபாய். நம் ஊர் மக்ரூன் வாங்கலாம்.

வாகைக்குளத்திலிருந்து பார்த்தால்

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. விமான அட்டையின் மதிப்பை முதலில் தீர்மானிப்பது, நம் ஊரிலிருந்து எந்த நிறுவனம் எத்தனை தடவை பறக்கிறது என்பதுதான். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஏர் டெக்கான் வந்தது, கிங்ஃபிஷர் வந்தது, பிறகு ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ. ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோதான். பல வருஷங்களாக இந்த ஓடுதளத்தில் இறங்கியவை ஏடிஆர் போன்ற சின்ன விமானங்கள். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள். தீபாவளிக்கு முந்தைய நாள் அந்த 78-ல் உங்கள் இலவச டிக்கெட்டுக்கு இடம் இருக்குமா என்பதை அட்டை விற்கும் இளைஞர் சொல்ல மாட்டார். அவருக்கும் தெரியாது.

2025 ஜூலை 26 அன்று சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருப்பதால் பெரிய விமானங்கள் இறங்க வழி பிறந்திருக்கிறது. ஆனால் இன்றைய தேதிக்கு, நம் ஊர்க்காரர் கையில் ஏர் இந்தியா சலுகை ஒன்று இருந்தால், அதைப் பயன்படுத்த மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். கார் வாடகையையும் அண்ணாச்சி பென்சிலால் எழுதுவார்.

இன்னொன்றும் உண்டு. ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். ஸ்லீப்பர் டிக்கெட் ஐந்நூறு ரூபாய்க்குள். அட்டை இல்லாவிட்டால் ரயிலில்தான் போயிருப்பீர்கள் என்றால், 3,600 ரூபாய் டிக்கெட்டால் உங்களுக்கு மிச்சமான காசு அந்த ஐந்நூறுதான்; 900 ரூபாய் வரியையும் கட்டணங்களையும் கட்டிய பிறகு அதுவும் மிஞ்சாது. மீதி, சொகுசுக்கும் நேரத்துக்கும் நீங்கள் போட்டுக்கொள்ளும் விலை.

துணைக்கு ஒருவர்

'கூட ஒருவர் இலவசம்' என்ற சலுகைக்கு அமெரிக்காவில் நல்ல மவுசு. அங்கே சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தரும் கம்பானியன் பாஸ் பெயர் பெற்றது. ஒரு காலண்டர் வருஷத்தில் 1,35,000 புள்ளிகள் சேர்த்தால் அந்த வருஷத்தின் மிச்ச நாட்களுக்கும் அடுத்த முழு வருஷத்துக்கும், நீங்கள் பறக்கும் போதெல்லாம் நீங்கள் குறிப்பிட்ட ஒருவர் வரிகளை மட்டும் கட்டி உடன் வரலாம். அட்டையில் சேரும்போது கிடைக்கும் போனஸ் புள்ளிகளும் அந்த எண்ணிக்கையில் சேரும். அந்த நிறுவனத்தின் தலைமையகம் உள்ள டல்லாஸில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இது நல்ல வரவு. வீட்டுப் பக்கத்திலேயே விமான நிலையம், நாள் முழுக்க விமானங்கள், பல ஊர்களில் சொந்தக்காரர்கள்.

நம் நாட்டில் அந்த அளவுக்குத் துணைச் சலுகை கிடையாது. கிடைப்பது பெரும்பாலும் ஒரு வவுச்சர், அல்லது அடிப்படைக் கட்டணத் தள்ளுபடி. விமான நிலைய ஓய்வறையில் சாப்பாடு இலவசம் என்பார்கள். அது அட்டைக்காரருக்கு மட்டும். கூட வரும் மனைவிக்குப் பல அட்டைகளில் தனிக் கட்டணம். அந்த ஓய்வறைக்கும் நிபந்தனைகள் வந்துவிட்டன. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் பல அட்டைகளுக்கு ஓய்வறை என்று மாற்றியது. மற்ற வங்கிகளும் அதே வழியில் போகின்றன.

நம் கடற்கரையிலும் துணையைப் பற்றி ஒரு சொல் உண்டு. முத்துக் குளிக்கிறவர் தண்ணீருக்குள் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடித்திருப்பது அவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். அக்காள் தாலி பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் கயிற்றை விடமாட்டான். வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் நம்மோடு அப்படிச் சொந்தம் எதுவும் இல்லை. கயிற்றை எப்போது வேண்டுமானாலும் விடலாம்; விட்டும் இருக்கிறார்கள்.

விட்ட கயிறுகள்

வாகைக்குளத்துக்கு வந்துபோன கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17 அன்று பறந்தது. பல வங்கிகள் ஜெட்டோடு சேர்ந்து அட்டை கொடுத்திருந்தன.

இலவச டிக்கெட் அட்டைகளில் நம் நாட்டில் பலர் விரும்பி வைத்திருந்தவை விஸ்தாரா அட்டைகள். ஆக்சிஸ் வங்கியின் விஸ்தாரா அட்டையில் 1,500 ரூபாய் கட்டினால் ஒரு எகானமி டிக்கெட், 3,000-க்குப் பிரீமியம் எகானமி, 10,000-க்கு பிசினஸ் கிளாஸ். வரிகளை நாம் கட்ட வேண்டியிருந்தாலும் அது நிஜமாகவே நல்ல பேரமாக இருந்தது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. 2025 ஏப்ரலில், செலவு இலக்கை எட்டினால் தந்துவந்த டிக்கெட்டுகளை எஸ்பிஐ கார்டும் ஆக்சிஸும் நிறுத்தின. அதே சமயத்தில், ஏர் இந்தியா எஸ்பிஐ சிக்னேச்சர் அட்டையில் ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு 100 ரூபாய்க்கு 30 புள்ளி என்றிருந்தது 10 ஆனது. ஒரு லட்சம் ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினால் 30,000 புள்ளி வந்த இடத்தில் இப்போது 10,000.

அந்தக் காலத்து முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சிப்பியை ஆயிரக் கணக்கில் குவித்து, திறக்காமலே ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை அழுகவிட்டு அலசிப் பார்த்தால்தான் உள்ளே ஆணிமுத்தா வெறும் தூளா என்று தெரியும். நம் கடலில் கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. புள்ளிகளைச் சேர்த்து வைப்பவரும் திறக்காத சிப்பியைச் சேர்த்து வைப்பவர்தான். ஒரு வித்தியாசம்: வாங்கிய பிறகு சிப்பிக்குள் இருக்கும் முத்தை ஏலம் விட்ட எவரும் சின்னதாக்க முடியாது. ஆகவே, புள்ளி வந்தால் அந்த வருஷமே செலவழித்துவிடுங்கள்.

குடைக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?

வங்கி விமான நிறுவனத்திடமிருந்து புள்ளிகளையும் டிக்கெட்டுகளையும் மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. விமானம் காலியாகப் பறந்தாலும் நிறுவனத்துக்கு இந்தப் பணம் வந்துவிடும். கொரோனா காலத்தில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலரும், டெல்டா 900 கோடி டாலரும் திரட்டின. இண்டிகோவும் 2024-ல் ப்ளூசிப் என்று சொந்தப் புள்ளித் திட்டத்தைத் தொடங்கியது சும்மா இல்லை.

வங்கிக்குப் பணம் முக்கியமாக மூன்று வழியில் வருகிறது: கடைக்காரர் தரும் கமிஷன், நாம் கட்டும் வருஷக் கட்டணம், பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் தரும் வட்டி. பல அட்டைகளில் வட்டி மாதம் மூன்றேமுக்கால் சதவீதம் வரை. வருஷத்துக்கு 45 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது.

50,000 ரூபாய் பாக்கியை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வட்டி 1,875, அதன் மேல் ஜிஎஸ்டி 337. மொத்தம் 2,212 ரூபாய். அண்ணாச்சி கணக்கில் மிஞ்சிய நூறு ரூபாய் இங்கே எந்த மூலைக்கு? 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று குறுஞ்செய்தி வரும். அதை மட்டும் கட்டினால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

யாருக்கு ஆகும்?

சொந்தக் காசில் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது சென்னைக்கோ பெங்களூருக்கோ பறப்பவர், அந்தத் தடத்தில் பறக்கும் நிறுவனத்தின் அட்டையையே எடுப்பவர், பில்லை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டுபவர், கல்லூரிக் கட்டணம் போல எப்படியும் செய்தாக வேண்டிய பெரிய செலவு ஒன்று வைத்திருப்பவர். இந்த நான்கும் பொருந்தினால் எடுக்கலாம். கட்டணத்தைவிட முதல் வருஷச் சலுகை கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கப்பல் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பெனியே டிக்கெட் எடுத்துத் தருகிறது. அவர்களுக்கு இந்த அட்டை எதற்கு?

எடுத்தவர்கள் ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் தந்த நெறிமுறைப்படி, பாக்கி இல்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இரண்டாம் வருஷக் கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வையுங்கள். அன்றைக்கு அண்ணாச்சி கணக்கை மறுபடி போடுங்கள்.

நான் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நான் பறப்பதில்லை. விண்ணப்பம் அண்ணாச்சி கடையிலேயே இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் இப்போது யாருடைய பருப்புக் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். எனக்கும் வீட்டுக்காரிக்கும் முத்துநகரில் டிக்கெட் போட்டாயிற்று.